அறுத்த தாலிகளை அணிந்தவள்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் வெட்டும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அந்த வரிசையில் பூமாரி யார் என்று எவரிடமும் விசாரிக்க வேண்டியதில்லை. கழுத்தைப் பார்த்தால் போதும். ஒரு வெள்ளிச் சங்கிலியில் எட்டுத் தாலிகள் கோத்திருக்கும். ஒன்றில் நாமம், ஒன்றில் பட்டை, ஒன்றில் சிலுவையும் புறாவும். எட்டில் ஒன்று முஸ்லிம் பெண்கள் கட்டும் கருகமணி. அரிவாள்மனை முன் குனிந்து அவள் மீன் அறுக்கும்போது அத்தனையும் ஒன்றோடொன்று மோதிச் சிணுங்கும். பூமாரிக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை.

புதிதாக மீன் வாங்க வருகிறவர்கள் முதலில் முறைப்பார்கள். வாய் அடங்காதவர்கள் கேட்டே விடுவார்கள்.

"இன்னாமே, எத்தினி புருஷன் உனுக்கு?"

"எட்டு. ஒருத்தனும் வூட்டுப் பக்கம் வர்றதில்ல. நிம்மதியா கீறேன். வஞ்சிரத்த துண்டு போடவா, தல தனியா எடுக்கவா?"

பக்கத்து அரிவாள்மனைக்காரி அடைக்கலமேரி விடமாட்டாள். "ஒம்போதாவது எடம் காலியா கீது நைனா. ஆனா ஒண்ணு, நீ செத்தாதான் தாலி அவ கைக்கு வரும். ஓகேவா?"

வரிசை முழுக்கச் சிரிக்கும். கேட்டவன் மீன் பையை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுவான். அடைக்கலமேரி சொன்னது வேடிக்கைக்காக என்று அவன் நினைத்திருப்பான். ஆனால் அவள் சொன்னது உண்மை. பூமாரி கழுத்தில் தொங்குபவை எல்லாம் புருஷன் செத்த பெண்களின் கழுத்திலிருந்து இறக்கியவை. பாலில் போட்டு, பிறகு எடுத்து, உருக்கக் கொடுத்தவை. உருகும் முன்பு அவள் வாங்கியவை.

பூமாரி திருவொற்றியூர்க் கடலோரக் குப்பம் ஒன்றில் பிறந்தவள். கடல் உள்ளே வந்து வீட்டைக் கொண்டுபோன பிறகு எர்ணாவூரில் அரசாங்கம் கட்டிய குடியிருப்பில் ஒரு வீடு கிடைத்தது. அப்பா அம்மா இருவரும் அங்கேதான் காலமானார்கள். கல்யாணம் ஏன் நடக்கவில்லை என்று கேட்டால் அவளிடம் சொல்வதற்குக் காதல் தோல்வி கிடையாது, தியாகம் கிடையாது. யாரும் சரியாக அமையவில்லை, பிறகு அவளே தேடுவதை நிறுத்திவிட்டாள். அவ்வளவுதான். ஒரு பெண் தனியாக இருந்தால் அதற்குப் பின்னால் கண்ணீர் இருந்தே தீரவேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் அவளிடம் ஏமாந்துபோவார்கள்.

அவளுக்கு இருந்த ஒரே ஆசை பழைய நகை. புது நகைக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் மின்னுவது எதுவும் அவளுக்குப் பிடிப்பதில்லை. "மெஷின்ல அடிச்சது. எல்லாத்துக்கும் ஒரே மூஞ்சி" என்பாள். பழசில் மட்டும்தான் கை தெரியும், எவனோ ஒருவன் குனிந்து உட்கார்ந்து ஊதி ஊதிச் செய்தது தெரியும் என்பது அவள் கட்சி. தோளில் முந்தானையைப் பிடித்து நிறுத்த மற்றவர்கள் ஊக்கு குத்தும் இடத்தில் அவள் ஒரு பழைய புரூச் குத்தியிருப்பாள். ராயபுரத்தில் இருந்த சட்டைக்கார ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஒன்று ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பும்போது விற்றுவிட்டுப் போனது அது. காலில் கனத்த வெள்ளிக் காப்பு. மூக்கில் யாரோ ஒரு கிழவிக்குச் செய்த எட்டுக்கல் பேசரி. மீன் ரத்தமும் ஐஸ் தண்ணீரும் தெறிக்கும் இடத்தில் இவை எதற்கு என்று கேட்டவர்களுக்கு அவள் திருப்பிக் கேட்பாள்: "அப்போ நான் எங்க போட்டுக்கறது? எனக்கு இன்னா கவர்னர் வூட்லேர்ந்தா கார்டு வருது?"

வண்ணாரப்பேட்டையில் உபைதுல்லா பாய் பழைய நகை வாங்கி உருக்கிக் கொடுப்பவர். கடை என்பது ஒரு மேசையும் தராசும்தான். பூமாரி மாதத்துக்கு ஒரு தடவை அங்கே போவாள். பெரும்பாலும் பார்ப்பதற்கு. பாய் உருக்க வேண்டியவற்றை ஒரு பித்தளைத் தட்டில் போட்டு வைத்திருப்பார். பல வருடங்களுக்கு முன்பு ஒருநாள் அந்தத் தட்டிலிருந்து ஒரு தாலியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நகத்தளவு இருந்த தகட்டில், இலை நரம்பு மாதிரி கோடுகள் இழைத்திருந்தான் ஒருவன்.

"இத்த குடு பாய்."

பாய் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அது வாணாம்மா. வேற பாரு."

"ஏன், கில்ட்டா?"

"தங்கம்தான். ஆனா அறுத்தது. புருஷன் பூட்டான். அந்த வூட்டு ஜனமே வெச்சிக்கப் பயந்து கொண்டாந்து போட்டுட்டுப் போச்சு."

"அறுத்த மீன தினமும் துன்றோம். அறுத்த தாலிய போட்டா இன்னா ஆயிடும்?"

பாய் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தாலியை எடுத்துத் தராசில் வைத்தார். அது மெல்லிய தகடு. உள்ளே முழுக்க அரக்கு. தங்கம் விலை அன்று இந்த உயரத்தில் இல்லை. கூலியில் மிச்சம் பிடித்ததைக் கொடுத்து வாங்கிக்கொண்டு, திரும்பி வரும் ஷேர் ஆட்டோவிலேயே கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

அப்படித் தொடங்கியது. பிறகு பாயே எடுத்து வைக்க ஆரம்பித்தார். தங்கம் கைக்கு எட்டாமல் ஏறிய பிறகு பல வருடங்களுக்கு ஒன்றுதான் சேர்ந்தது. கருகமணியை மட்டும் அவர் காசு வாங்காமல் கொடுத்தார். அவருடைய உறவில் ஒருத்தி கழற்றியது. "எங்க மார்க்கத்துல இப்டி ஒரு சட்டமே கிடையாதும்மா. அக்கம்பக்கம் பாத்து எங்க ஜனமும் கத்துகிச்சு" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகம் நன்றாக இல்லை.

அவர் சொன்னது சரிதான். அநியாயம் மட்டும் எந்த மதத்து வாசலிலும் சாதி கேட்காமல் உள்ளே போய்விடும். ஒரு ஆண் செத்தால் அவன் கைக்கடிகாரத்தை யாரும் பாலில் போடுவதில்லை. மகன் கட்டிக்கொள்கிறான். "அப்பாவோடது" என்று நாலு பேரிடம் காட்டுகிறான். மனைவி செத்துப்போனவனின் மோதிரத்தைக் கழற்றச் சொல்லி உறவினர் யாரும் விடியற்காலையில் கூடுவதில்லை. அவன் மோதிரத்தோடு அடுத்த பெண்ணைப் பார்க்கப் போகிறான். புருஷன் போனவள் கழுத்தில் இருந்த தங்கத்துக்கு மட்டும் நஞ்சு ஏறிவிடுகிறது. ரசாயனம் படித்தவன் எவனும் இதுவரை அந்த நஞ்சைப் பிரித்தெடுத்துக் காட்டவில்லை.

அந்த நஞ்சுக்குப் பயப்படாதவர்கள் குறைவு. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒருநாள் பைக்கில் வந்த இருவர் பூமாரியின் சங்கிலியை இழுத்து அறுத்துக்கொண்டு போனார்கள். சற்றுத் தூரம் போன பிறகு பின்னால் இருந்தவன் கையைத் திறந்து பார்த்திருக்கிறான். ஒரு கொத்துத் தாலி. அப்படியே சாலையில் வீசிவிட்டான். பூமாரி ஓடிப் போய்ப் பொறுக்கிக்கொண்டாள். பலநாள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். "தோ பாரு, ஒரே ஒரு தாலி போட்டவகிட்ட இழுத்தா வித்து துன்னுடுவான். கொத்தா போட்டா பாவமாம்."

இப்படியே கேலியும் சிரிப்புமாக அவள் காலம் போயிருக்கும். மோகனப்ரியா வராமல் இருந்திருந்தால்.

மோகனப்ரியாவுக்கு இருபத்தாறு வயது. திருவொற்றியூர்க் குப்பத்தில் பிரகாஷ் என்பவனுக்கு வாழ்க்கைப்பட்டவள். மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. பிரகாஷ் கடலுக்குப் போகவில்லை. ஆலைக் கழிவில் மீன் செத்து மிதக்கும் முகத்துவாரத்தில் வலை போட்டு என்ன பயன் என்று, ஒப்பந்தக் கூலியாகத் தொழிற்சாலைகளில் தொட்டி சுத்தம் செய்யப் போனான். ஒருநாள் தொட்டிக்குள் இறங்கியவன் மயங்கி விழுந்தான். தூக்கப் போனவனும் விழுந்தான். இரண்டு உடல்கள் வெளியே வந்தன. கம்பெனி விதி என்றது. வீடு அவள் ஜாதகம் என்றது. முகமூடி எங்கே, கயிறு எங்கே, உள்ளே என்ன வாயு இருக்கிறது என்று பார்த்த கருவி எங்கே என்று கேட்டிருந்தால் ஒரு முதலாளியின் கழுத்துக்குக் கேள்வி போயிருக்கும். ஜாதகத்தைக் கேட்டதால் அது ஒரு பெண்ணின் கழுத்தோடு முடிந்தது.

அவள் கழுத்தில் இருந்தது சாதாரணத் தாலி அல்ல. மாமியார் பவுனம்மாளின் மாமியார் சுமங்கலியாகச் செத்தவள். சுமங்கலியாகச் செத்தவளின் தாலி ராசியானது என்று குப்பத்தில் அதைப் போற்றி வைப்பார்கள். இதையும் வைத்திருந்தார்கள். பவுனம்மாள் கல்யாணமான சில வருடங்களிலேயே புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டவள். அவள் அதைத் தொடவும் கூடாது என்று துணியில் சுற்றிப் பரணில் இருந்தது. பிரகாஷின் கல்யாணத்தில் அதைத்தான் எடுத்துக் கட்டினார்கள். மாங்காய் வடிவம். நடுவில் ஒரு சிவப்புக் கல். மோகனப்ரியாவின் மடியில் உட்கார்ந்து பால் குடித்த குழந்தை பல் முளைத்தபோது கடித்ததில் கீழ்விளிம்பில் ஒரு தடம் விழுந்திருந்தது.

எத்தனையோ வருடம் ராசியாக இருந்த தங்கம் ஒரே மத்தியானத்தில் பீடையாகிவிட்டது. தங்கம் அதே தங்கம். எடையில் ஒரு குன்றிமணி கூடவில்லை, குறையவில்லை. காரியம் முடிந்த கையோடு பிரகாஷின் தம்பி தண்டபாணி அதைக் கொண்டுபோய் உபைதுல்லா பாயிடம் போட்டான். "உடனே உருக்கிடு பாய், வூட்டுக்கு ஆவாது" என்றான். பாய் உருக்கவில்லை. அந்த மாதம் பூமாரி வந்தபோது காட்டினார். அவள் தன் கம்மலையும் வெள்ளி ஒட்டியாணத்தையும் கழற்றிக் கொடுத்து மாற்றிக்கொண்டாள்.

சில மாதம் கழித்து மோகனப்ரியா வீட்டைவிட்டு வெளியே வந்தாள். வராமல் தீராது, குழந்தைக்குச் சோறு வேண்டும். காசிமேட்டில் காலையில் சங்கராவும் நெத்திலியும் எடுத்து, கூடையில் போட்டு எம்.கே.பி. நகர்த் தெருக்களில் விற்கப் போனாள். வெறும் கழுத்து, வெறும் கை, வெறும் நெற்றி. அந்தத் தெருக்களில் சில வீட்டுக் கதவுகள் காலை நேரத்தில் அவளுக்குத் திறப்பதில்லை. மீன் வேண்டும், கொண்டுவருகிறவள் முகம் வேண்டாம்.

ஒருநாள் மீன் வெட்டும் வரிசையைத் தாண்டிப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். பூமாரி நிமிர்ந்தாள்.

"இன்னாம்மா? வெட்டணுமா?"

மோகனப்ரியா கூடையை இறக்கினாள். விரல் சங்கிலியை நோக்கி நீண்டது. "அந்த மாங்கா... அதுல பல்லு பட்ட எடம் கீதா?"

பூமாரி குனிந்து பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தாள். புரிந்துவிட்டது. ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டுச் சங்கிலியின் கொக்கியைக் கழற்ற ஆரம்பித்தாள். "உன்னுதா? எடுத்துக்க. எனக்கு ஒண்ணும் குடுக்க வாணாம். எடுத்துக்க."

மோகனப்ரியா பின்னால் நகர்ந்தாள். கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டாள், சூடான பாத்திரத்தைக் கண்ட குழந்தை மாதிரி. "வாணாங்க்கா. வாணாம். எங்க வூட்ல தெரிஞ்சா என்னிய வெச்சிக்கமாட்டாங்க." கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஆனால் மறுநாளும் வந்தாள். அதற்கு அடுத்த நாளும். மீன் எடுத்த பிறகு கூடையை இறக்கிவைத்துப் பூமாரிக்கு எதிரே குந்துவாள். சும்மா பார்ப்பாள். அடைக்கலமேரி டீ வாங்கிக் கொடுப்பாள். கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு வந்தது.

"எனக்கு நக போட ரொம்பப் பிடிக்குங்க்கா. சின்ன வயசுல பாசிமணி, சோழி, எது கெடச்சாலும் கோத்துப் போட்டுக்குவேன்" என்றாள் ஒருநாள். இன்னொரு நாள் தாலி இறக்கிய அந்த விடியற்காலையைச் சொன்னாள். "மொதல்ல எல்லாத்தையும் போட்டு உட்டாங்க. தல நெறைய பூவு. முழங்கை வரைக்கும் வளவி. கல்யாணத்துக்குக்கூட அவ்ளோ பூ வெக்கலக்கா. அப்பறம் ஒண்ணொண்ணா..." அங்கே நிறுத்திவிட்டாள். பால் சொம்பைப் பிடித்திருந்தது மாமியார் பவுனம்மாள்.

இதைத் துக்கச் சடங்கு என்று சொல்லிக்கொள்கிறோம். ஒருத்தியை அலங்கரித்து, எல்லோர் முன்னாலும் உட்கார வைத்து, ஒவ்வொன்றாக உரிப்பதற்கு வேறொரு பெயர் உண்டு. செய்கிற கைகளும் பெண்களின் கைகள்தான் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அந்தக் கைகள் ஒவ்வொன்றும் ஒருநாள் அதே மணையில் உட்கார வைக்கப்பட்டவளின் கை.

"போட்டுக்கணும்னு ஆசையா கீதா?" பூமாரி நேராகக் கேட்டாள்.

மோகனப்ரியா தலையை ஆட்டினாள். "ஆனா போட்டா வூட்ட உட்டுத் தொரத்துவாங்க. கொழந்த எங்க வூட்டுக் கொழந்த, நீ வேண்ணா போன்னு மச்சினரு மொதல்லயே சொல்லிட்டாரு. எங்க அம்மா வூட்ல அண்ணங்காரன் ஏத்துக்கமாட்டான். நான் எங்க போறதுங்க்கா?"

தனியாக இருப்பவள் துணிவாக இருப்பது எளிது என்பது பூமாரிக்கு அன்றுதான் உறைத்திருக்க வேண்டும். அவளைத் துரத்த ஒரு வீடு இல்லை, பிடுங்க ஒரு குழந்தை இல்லை.

ஹார்பரில் செய்தி நிற்காது. யாரோ தண்டபாணியிடம் போய், "உங்க அண்ணி அந்த எட்டுத் தாலிக்காரிகிட்டயே குந்திகினு கீது, உங்க வூட்டுத் தாலி அவ கழுத்துல தொங்குது" என்று சொல்லிவிட்டார்கள். ஒரு காலையில், ஏலம் முடிந்து கூட்டம் வரிசைப் பக்கம் திரும்பிய நேரத்தில், தண்டபாணி வந்தான். கூடவே பவுனம்மாளையும் அழைத்துக்கொண்டு. விசைப்படகில் வேலை செய்கிறவன். மீனவர் சங்கத்தில் அவன் பேச்சு கொஞ்சம் எடுபடும். மோகனப்ரியா அப்போது பூமாரியின் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். மாமியாரைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"தே, கழட்டு அத்த" என்றான் தண்டபாணி.

பூமாரி சங்கரா மீனின் செதிலைத் தட்டிக்கொண்டே கேட்டாள். "எத்த?"

"டபாய்க்காத. எங்க அண்ணன் கட்டுன தாலி. உருக்கச் சொல்லிக் குடுத்தா பாய் உங்கிட்ட வித்துகீறான். அத்த நீ ஊருக்கெல்லாம் காட்டிகினு கீற. ஒரு சாவு போதாதா எங்க வூட்ல? குடு, இப்பவே போயி உருக்கிடறேன்."

"நீ வித்தது. நான் வாங்குனது. அப்பறம் இன்னா உங்க வூட்டுது?"

"குடுக்கலன்னா நாளைலேர்ந்து நீ இங்க உக்காந்து வெட்டமாட்ட. சொல்லிட்டேன்."

"யார்ரா இவன்?" அடைக்கலமேரி மனையைவிட்டு எழுந்தாள். "இந்த எடம் உங்கப்பன் வாங்கிப் போட்டதா? கம்பெனிக்காரன் உங்கண்ணன சாவடிச்சப்ப இந்த வாய எங்கடா வெச்சிருந்த? அவன் கம்பெனி கேட்டாண்ட போயி நின்னியா? பொம்பள கழுத்துக்குன்னா மட்டும் காலங்காத்தால கெளம்பி வந்துடற!"

கூட்டத்தில் யாரோ "அதான!" என்றார்கள். தண்டபாணியின் முகம் கறுத்தது. பூமாரி அடைக்கலமேரியின் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். மீனைக் கீழே வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, சங்கிலியைக் கழற்றினாள். அதை உள்ளங்கையில் விரித்துப் பிடித்தாள்.

"தோ பாரு. உனுக்குத் தரமாட்டேன். இது யாரு கழுத்துல கீந்துச்சோ அவ கேட்டா தரேன். உருக்கச் சொன்னாலும் அவளே சொல்லட்டும்." மோகனப்ரியா பக்கம் திரும்பினாள். குரல் இறங்கியிருந்தது. "சொல்லும்மா. நீ எது சொன்னாலும் எனக்கு வருத்தம் இல்ல. உனுக்குக் கொழந்த கீது. எனக்குத் தெரியும்."

எல்லோரும் மோகனப்ரியாவைப் பார்த்தார்கள். கேட்டால் வீடு போகும், குழந்தை போகும். உருக்கச் சொன்னால் இரண்டும் நிற்கும், அவள் மட்டும் ஆயுள் முழுக்க வெறும் கழுத்தோடு பிறர் வாசலில் நிற்க வேண்டும். ஐஸ் பெட்டி இழுத்துப் போன ஒரு வண்டிக்காரர்கூட நின்றுவிட்டார்.

அவள் பூமாரியின் கைக்கு அருகே குனிந்தாள். மாங்காயைத் தொட்டு, பல் தடத்தின் மேல் விரலை ஒருமுறை ஓட்டினாள்.

"இது எனக்கு வாணாம்" என்றாள்.

தண்டபாணி மூச்சு விட்டான். "கேட்டியா? குடு."

"உருக்கவும் வாணாம். அக்கா போட்டுக்கட்டும். அவங்களுக்கு நல்லா கீது." அவள் விரல் சங்கிலியில் நகர்ந்து, ஓரத்தில் இருந்த ஒரு வட்டப் பொட்டுத் தாலியில் நின்றது. சுற்றிலும் பொடிப்பொடியாகப் பச்சைக் கல் வைத்தது. "எனக்கு இத்த தாங்க்கா. எனக்கு இதான் மொதல் நாள்லேர்ந்து பிடிச்சிருந்துச்சு."

கூட்டத்துக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. எல்லோரும் ஒரு பெண் இறந்த புருஷனின் நினைவைக் கேட்பாள் என்று காத்திருந்தார்கள். அப்படிக் கேட்டிருந்தால் பாதிப் பேர் கண்ணைத் துடைத்திருப்பார்கள், மீதிப் பேர் மன்னித்திருப்பார்கள். அவளோ முன்பின் தெரியாத எவளோ ஒருத்தியின் கழுத்தில் இருந்ததைக் கேட்கிறாள், அழகாக இருக்கிறது என்பதற்காக.

பூமாரி அந்தப் பொட்டைச் சங்கிலியிலிருந்து உருவி அவள் கையில் வைத்தாள். கோக்கச் சரடு இல்லை. அடைக்கலமேரி எங்கேயோ போய் வலை பின்னும் நூல் ஒரு முழம் அறுத்துக்கொண்டு வந்தாள். மோகனப்ரியா அதில் கோத்து, கைகளைப் பின்னால் கொண்டுபோய், தானே முடிச்சுப் போட்டாள். வலை நூல் வழுக்கியதால் இரண்டு தடவை அவிழ்ந்தது. யாரும் உதவிக்குப் போகவில்லை. மூன்றாவது தடவை நின்றது.

"இப்டியே வூட்டுக்கு வந்துடுவியா நீ?" தண்டபாணி கத்தினான். "வாசப்படி ஏறிடுவியா? யம்மா, இன்னா பாத்துகினு நிக்கிற? சொல்லு!"

பவுனம்மாள் அதுவரை மகனுக்குப் பின்னால் நின்றிருந்தாள். கட்டான உடம்பு, வெறும் கழுத்து, காதில் ஓட்டை தூர்ந்து போயிருந்தது. அவள் மருமகள் அருகே வந்தாள். மோகனப்ரியா கண்ணை மூடிக்கொண்டாள், பிடுங்கப்போகிறாள் என்று.

பவுனம்மாள் ஒரு விரலால் அந்தப் பொட்டைத் தூக்கினாள். வெயிலில் இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தாள்.

"தோ, இந்தக் கல்லு ஆடுது" என்றாள். "பாத்து போட்டுக்க. கூடய தூக்கறப்ப எங்கனா உழுந்துடப் போவுது."

"யம்மா!"

"சும்மா இர்றா. நீதான் இவளுக்கும் அந்தப் புள்ளைக்கும் சம்பாரிச்சுப் போடறியா?" திரும்பாமலே சொன்னாள். பிறகு மருமகளிடம், "கொழந்த எழுந்திருச்சா தேடும். வித்துட்டு சீக்கிரம் வா" என்று சொல்லிவிட்டு, மகனுக்குக் காத்திராமல் ஷேர் ஆட்டோ நிற்கும் பக்கம் நடந்தாள்.

இதனால் குப்பம் திருந்திவிடவில்லை. கல்யாண வீடுகளுக்கு இன்றும் மோகனப்ரியாவை அழைப்பதில்லை. தண்டபாணி அவளோடு பேசுவதில்லை. பிரகாஷ் இறங்கிய தொட்டியில் இப்போது வேறு யாரோ இறங்குகிறார்கள், கயிறு இருக்கிறதா என்று தெரியாது. பூமாரியின் இடத்தைப் பறிக்கச் சங்கத்தில் ஒருமுறை பேச்சு எழுந்து, அடைக்கலமேரி போய் நின்ற பிறகு அடங்கியது.

மோகனப்ரியா அன்று கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு எம்.கே.பி. நகருக்கே போனாள். ஒரு வீட்டில் மீன் வாங்க வந்த அம்மாள், புதுக் கல்யாணமா என்று கேட்டிருக்கிறாள். இல்லை என்றிருக்கிறாள் இவள். அப்புறம் இது என்ன என்று கேட்டதற்கு, "நகைம்மா" என்று சொல்லிவிட்டு, நெத்திலியை இன்னொரு கை அள்ளித் தட்டில் போட்டாள்.